அளவெடுத்துச் செய்த இன்சோல் போட்டும் தட்டைப் பாத வலி போகவில்லை, இப்போது வளைவிலும் வலி. விட்டுவிடலாமா?

கரும்பலகை:

வணக்கம். வயது 38, வேலை ஆசிரியை. ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரமாவது நின்றபடிதான் போகும். பிறந்ததிலிருந்தே தட்டைப் பாதம். சின்ன வயதில் ஈரக்காலோடு நடந்தால் என் தங்கையின் தடம் நடுவில் ஒடுங்கி அழகாக விழும். என்னுடையது செங்கல்லை வைத்து எடுத்த மாதிரி முழுசாக விழும். அதனால் முப்பது வயது வரைக்கும் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

இரண்டு வருடமாக மாலையானால் உள்ளங்காலில் இழுக்கிறது. கணுக்காலின் உள்பக்கம் கனக்கிறது, சில நாள் முழங்கால் வரைக்கும் ஏறுகிறது. இரண்டு காலிலும் ஒரே மாதிரிதான். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு இன்சோல் போடச் சொன்னார். அளவெடுக்கும் இடத்தில் ஒரு கண்ணாடிப் பலகையில் நிற்கச் சொன்னார்கள், ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. பத்து நாள் கழித்துக் கையில் கொடுத்தார்கள். கெட்டியான பிளாஸ்டிக், நடுவில் நல்ல உயரம். "ஆறு மாசம் போடுங்க, வளைவு வந்துடும்" என்றார்கள்.

முதல் நாளே பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போனேன். மதியத்துக்குள் பாதத்தின் உள்ஓரத்தில் கூழாங்கல்லை மிதித்துக்கொண்டு நிற்பது போல ஆகிவிட்டது. மூன்றாம் நாள் கொப்புளம். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன். இப்போது அது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பழைய வலி அப்படியே இருக்கிறது, வளைவில் புது வலியும் சேர்ந்துகொண்டது.

என் காலுக்கு இன்சோலே ஒத்துவராதா, இல்லை இந்த இன்சோல்தான் சரியில்லையா? இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மூட்டசைவு:

டீச்சர், நான் பிசியோதெரபிஸ்ட். பதில் சொல்வதற்கு முன்னால் மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

ஒன்று: சுவரை லேசாகப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்புங்கள். பின்னாலிருந்து ஒருவரை ஃபோனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எழும்பும்போது வளைவு தெரிகிறதா? குதிகால் உள்பக்கமாகத் திரும்புகிறதா? இரண்டு: ஒரே காலில் நின்று அப்படி எழும்ப முடிகிறதா? மூன்று: எந்த ஷூவுக்குள் அந்த இன்சோலைப் போட்டீர்கள்?

நுனிக்காலில் எழும்பும்போது வளைவு வந்தால் அது நெகிழும் தட்டைப் பாதம். எலும்பும் மூட்டும் நன்றாகவே இருக்கின்றன, எடை இறங்கும்போது மட்டும் அமுங்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு இதுதான். எழும்பினாலும் தட்டையாகவே இருந்தால் அது இறுகிய வகை. அதற்கு வேறு காரணம் தேட வேண்டும், இன்சோலைப் பற்றி அப்புறம்தான் பேச வேண்டும்.

"வளைவு வந்துடும்" என்று சொன்னார்களே, அதை மட்டும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். வளரும் குழந்தைகளிடமே அது நடக்கவில்லை. வெங்கர் குழுவினர் 1989-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நெகிழும் தட்டைப் பாதம் உள்ள குழந்தைகளைப் பிரித்து, சிலருக்குச் சிறப்பு ஷூ, சிலருக்கு ஷூவுக்குள் வைக்கும் அச்சு, சிலருக்கு ஒன்றுமே இல்லை என்று மூன்று வருடம் பார்த்தார்கள். எல்லாப் பிரிவிலும் வளைவு சராசரியாகக் கொஞ்சம் கூடியிருந்தது, ஒன்றும் போடாத பிரிவிலும் ஏறக்குறைய அதே அளவுதான். வளர்ச்சி முடிந்த 38 வயதுக் காலில் ஒரு பிளாஸ்டிக் தகடு எலும்பின் அமைப்பை மாற்றாது.

அப்படியென்றால் எதற்குப் போடுகிறோம்? சாய்கிற கிளைக்கு முட்டுக் கொடுக்கிறோமே, அதற்குத்தான். பாதம் உள்பக்கமாகச் சரியும் வேகமும் அளவும் குறையும். கணுக்காலின் உள்பக்கம் ஓடுகிற தசைநாண் நாள் முழுக்க இழுபடுவது குறையும். அதனால் வலி குறையும். கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்: வலி குறைந்ததா, நிற்கிற நேரம் கூடியதா? வளைவு எவ்வளவு வந்தது என்று அளந்து பார்ப்பதில் பயனில்லை.

கரும்பலகை:

நன்றி சார். மகன் வீடியோ எடுத்துக் கொடுத்தான். நுனிக்காலில் எழும்பினால் வளைவு வருகிறது! நான் இதுவரை பார்த்ததே இல்லை. குதிகாலும் உள்ளே திரும்புகிறது. ஒற்றைக் காலில் எழும்ப முடிகிறது, ஏழெட்டு தடவைக்கு மேல் கெண்டைக்கால் நடுங்குகிறது. ஷூ என்று கேட்டீர்களே, லேஸ் இல்லாத, காலை நுழைத்துப் போடுகிற மெல்லிய ஷூ. அதில் ஏற்கெனவே இருந்த மெத்தைக்கு மேலேயே இதை வைத்தேன்.

பட்டறைக்காரன்:

டீச்சர், நீங்கள் கடைசியாக எழுதிய வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நான் இருபது வருடமாக இன்சோல் செய்கிறவன். கெட்டியான இன்சோலைப் பழைய மெத்தைக்கு மேல் வைத்தால் குதிகால் ஷூவிலிருந்து மேலே கிளம்பிவிடும். பின்பக்கம் பிடிப்பில்லாமல் காலே இன்சோலின் மேல் வழுக்கி முன்னால் போகும். வளைவுக்காகச் செய்த மேடு அப்போது இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. கூழாங்கல்லை மிதிப்பது போல இருந்தது என்றீர்களே, அது இதனாலேயே வந்திருக்கலாம்.

முதலில் ஷூ. அதனுடன் வந்த மெத்தை கழன்று வர வேண்டும். குதிகாலைப் பிடிக்கும் பின்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அட்டைப்பெட்டி போல உள்ளே மடங்கினால் அந்த ஷூ வேண்டாம். முன்னையும் பின்னையும் இரண்டு கையால் பிடித்து ஈரத்துணி பிழிவது போல முறுக்குங்கள். நடுவில் லேசில் முறுக்கிக்கொள்ளக் கூடாது. வளைய வேண்டியது விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும். லேஸோ பட்டையோ கட்டாயம் வேண்டும்.

இனி இன்சோலுக்கு வருகிறேன். வெறுங்காலோடு உட்கார்ந்து அதை உள்ளங்காலில் வைத்துப் பிடித்துப் பாருங்கள். குதிகால் அதற்கான குழியில் முழுசாக உட்காருகிறதா? பாதியில் முடிகிற கெட்டித் தகடாக இருந்தால் அதன் முன்விளிம்பு, விரல்களுக்குப் பின்னால் இருக்கிற பந்து போன்ற மேட்டுக்குச் சற்றுப் பின்னாலேயே நின்றுவிட வேண்டும். மேட்டுக்கு அடியில் வந்தால் நடக்கும்போது பெருவிரலின் அடிப்பகுதி தரையில் இறங்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். வளைவின் உச்சியையும் பாருங்கள். கணுக்காலின் உள் எலும்புக்குச் சற்றுக் கீழே, முன்னால், தோலுக்கு அடியில் ஒரு புடைப்பு தட்டுப்படும். உச்சி அதை ஒட்டியும் அதற்குச் சற்றுப் பின்னாலும் இருந்தால் நல்லது. நிறைய இன்சோலில் அது முன்னால் தள்ளிப் போயிருக்கும். அப்போது தாங்குவதற்குப் பதிலாகக் குத்தும்.

எங்கள் பட்டறையில் ஒரு பழைய வழி உண்டு. வலிக்கிற இடத்தில், தோலின் மேலேயே, உதட்டுச் சாயத்தால் ஒரு புள்ளி வைப்போம். இன்சோலை ஷூவில் போட்டுப் பத்தடி நடக்கச் சொல்லி எடுத்துப் பார்ப்போம். எங்கே சிவப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் கைவைக்க வேண்டும். நிறையப் பேர் "மொத்த வளைவும் வலிக்குது" என்றுதான் வருவார்கள். சிவப்பு ஒட்டுவது ஒரு விரல் நகம் அளவுதான் இருக்கும். அந்த இடத்தை வெப்பக்காற்றில் இளக்கி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறக்கினால், வந்தபோது இருந்த முகம் வேறு, போகும்போது இருக்கும் முகம் வேறு.

ஆகவே இழுப்பறையில் வைக்காதீர்கள். செய்த இடத்துக்கே எடுத்துக்கொண்டு போங்கள். செய்து கொடுத்த பிறகு இரண்டு மூன்று முறை திருத்துவது இந்த வேலையில் ஒரு பகுதி. முதல் முறையே கச்சிதமாக உட்காரும் இன்சோல் என் கையிலும் எல்லோருக்கும் அமைவதில்லை.

கரும்பலகை:

ஐயா, கண்ணாடிப் பலகையில் நின்று அளவெடுத்தது சரியான முறைதானா? உறவினர் ஒருவருக்குக் காலில் மாவுக்கட்டுத் துணி சுற்றி அச்சு எடுத்தார்கள் என்று சொன்னார்.

பட்டறைக்காரன்:

மூன்று வழி இருக்கிறது. காலைத் தொங்கவிட்டோ குப்புறப் படுக்க வைத்தோ மாவுக்கட்டுத் துணி சுற்றி எடுப்பது ஒன்று. எடை விழாத பாதத்தை, கணுக்காலுக்குக் கீழே உள்ள மூட்டு நடுநிலையில் இருக்கும்படி விரலால் பிடித்துக்கொண்டே எடுப்போம். பிடிக்கிற கையின் பக்குவத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நுரைப் பெட்டியில் அழுத்தி எடுப்பது இரண்டாவது. உட்கார வைத்து, முழங்காலைப் பிடித்து, பாதத்தை நேராக்கி மெதுவாக இறக்க வேண்டும். மூன்றாவது ஸ்கேன்.

ஸ்கேன் மட்டமானது என்று சொல்ல மாட்டேன், நானும் இப்போது அதைத்தான் அதிகம் செய்கிறேன். ஆனால் நெகிழும் தட்டைப் பாதம் உள்ளவரை முழு எடையோடு கண்ணாடியில் நிற்க வைத்தால் கிடைப்பது அமுங்கிப்போன பாதத்தின் படம். அதன் மேல் கணினியில் ஒரு வளைவைத் தூக்கி வைக்க வேண்டும். எவ்வளவு தூக்குவது என்பது கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கணிப்பு. அவர் உங்கள் காலைக் கையால் தொட்டே பார்த்திருக்க மாட்டார். நின்றபடி எடுத்தால் கூடவே யாராவது உங்கள் பாதத்தைப் பிடித்து, எவ்வளவு அசைகிறது, கெண்டைக்காலையும் குதிகாலையும் இணைக்கும் குதிகால் நாண் எவ்வளவு இறுக்கம் என்று பார்த்து எழுதியிருக்க வேண்டும். உங்களுக்கு அது நடந்ததா?

கரும்பலகை:

இல்லை. யாரும் காலைத் தொடவே இல்லை.

காலைஓட்டம்:

எனக்கு வேறு அனுபவம். எனக்கும் தட்டைப் பாதம், பத்து வருடமாக ஓடுகிறேன். இரண்டு வருடம் அளவெடுத்த இன்சோலோடு ஓடினேன். அது இல்லாமல் நாலடி நடந்தாலே கால் தளர்கிற மாதிரி ஒரு பயம் வந்துவிட்டது. பிறகு பாதத் தசைக்கான பயிற்சிகளைத் தினமும் செய்து எட்டு மாதத்தில் இன்சோலை விட்டுவிட்டேன். இப்போது வலி இல்லை. காலை ஷூவுக்குள் அடைத்து வைத்து, அதற்குள் இன்னொரு முட்டும் கொடுத்தால் தசை எப்படி வேலை செய்யும்? ராவும் ஜோசப்பும் இந்தியாவில் 2,300 குழந்தைகளின் காலடித் தடத்தைப் பார்த்து 1992-இல் எழுதிய ஆய்வில், காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், போடாதவர்களில் 2.8 சதவீதம்தான். முதலில் பயிற்சி, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

மூட்டசைவு:

ஓட்டக்காரரே, உங்கள் பயிற்சி பலன் கொடுத்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அந்த ஆய்வும் முக்கியமானது, சின்னக் குழந்தையை இறுக்கமான மூடிய ஷூவில் அடைக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அது வளர்கிற காலைப் பற்றியது. 38 வயதில் ஆறு மணி நேரம் கடினத் தரையில் நிற்பவர் நாளை முதல் வெறுங்காலில் நின்றால் வலி கூடத்தான் செய்யும். தசை வலுவாவதற்கு மாதக்கணக்கு ஆகும். அதுவரை அவர் வகுப்பில் நிற்க வேண்டாமா?

இன்சோலா பயிற்சியா என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதே தப்பு. இன்சோல் வலியைத் தணித்தால்தான் பலருக்குப் பயிற்சி செய்யவே முடிகிறது. நீங்கள் எட்டு மாதத்தில் விட்டது போலச் சிலர் விட்டுவிடலாம். சிலர் வேலை நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

டீச்சருக்கு நான் சொல்லும் பயிற்சி மூன்றுதான். முதலாவது கெண்டைக்கால் நீட்டல். 1940-களில் ஹாரிஸும் பீத்தும் கனடாவில் 3,600 ராணுவ வீரர்களுக்கு மேல் பாதங்களைப் பரிசோதித்தார்கள். வெறும் தட்டைப் பாதம் பெரும்பாலானவர்களுக்குத் தொல்லை தரவில்லை. கூடவே குதிகால் நாணும் குட்டையாக இருந்தவர்களுக்குத்தான் தொல்லை அதிகம். நாண் இறுகினால் கணுக்கால் மடங்க வேண்டிய அளவு மடங்காது. உடம்பு முன்னால் போகத்தானே வேண்டும், அந்த மடிப்பைப் பாதத்தின் நடுவில் தேடிக்கொள்ளும், வளைவு இன்னும் சரியும். எனவே சுவரைப் பார்த்து நின்று ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்கால் நேராக 30 வினாடி, பிறகு முழங்காலை லேசாக மடித்து 30 வினாடி. மூன்று தடவை. பின்னங்காலின் விரல்கள் நேராகச் சுவரைப் பார்க்க வேண்டும். வெளியே திரும்பினால் பாதம் சரிந்துகொள்ளும், நாண் நீளாது.

இரண்டாவது, பாதத்தைக் குட்டையாக்குவது. உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வைத்து, விரல்களை மடக்காமல், பெருவிரலின் அடி மேட்டைக் குதிகாலை நோக்கி இழுக்கப் பாருங்கள். வளைவு லேசாக எழும். ஐந்து வினாடி, பத்து தடவை. முதல் வாரம் ஒன்றுமே அசையாது, விரல்தான் சுருண்டுகொள்ளும். சோர்ந்துவிடாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான். அது வந்தபின் நின்றபடி செய்யலாம்.

மூன்றாவது, இரண்டு குதிகால்களுக்கும் நடுவில் ஒரு சின்னப் பந்தை வைத்து அழுத்திக்கொண்டே நுனிக்காலில் எழும்பி மெதுவாக இறங்குவது. கணுக்காலின் உள்பக்கத் தசைநாணுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

இரவுப்பணி:

நான் செவிலியர். என் கதையைச் சொல்லத்தான் வேண்டும், இதைப் படிக்கும் யாராவது ஒருவருக்காவது உதவும்.

எனக்கு 46 வயது வரை வளைவு நன்றாகவே இருந்தது. வலது காலில் மட்டும் கணுக்காலின் உள் எலும்புக்குப் பின்னால் வீக்கம், வலி. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். ஆறேழு மாதம் போனது. ஒருநாள் உடன் வேலை செய்பவள் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "அக்கா, உங்க வலது கால்ல மட்டும் பின்னாலருந்து பார்த்தா நாலு விரல் தெரியுது" என்றாள். இடது காலில் சுண்டுவிரல் மட்டும்தான் தெரிந்தது. வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே போயிருக்கிறது, எனக்கே தெரியவில்லை. ஒற்றைக் காலில் எழும்பச் சொன்னார்கள். வலது காலில் ஒரு தடவைகூட முடியவில்லை.

இணையத்தில் வாங்கிய மெத்தை இன்சோலில் அந்த ஏழு மாதத்தை வீணாக்கினேன். பிறகு சில வாரம் காலுக்கு முழு ஓய்வு, அப்புறம் குதிகாலை ஆழமாகப் பிடிக்கும் இன்சோல், கூடவே கணுக்கால் பட்டை, பயிற்சி என்று அறுவை சிகிச்சை இல்லாமல் தப்பித்தேன். முன்பே போயிருந்தால் இவ்வளவு இழுத்திருக்காது என்று டாக்டர் சொன்னதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மூட்டசைவு:

சகோதரி, எழுதியதற்கு நன்றி. இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். பிறவியிலிருந்து இரண்டு காலிலும் இருக்கும் தட்டை வேறு, நல்ல வளைவு இருந்த காலில் நடுவயதில் ஒரு பக்கம் மட்டும் சரிவது வேறு. இரண்டாவது, காலின் உள்பக்கத் தசைநாண் நைந்துகொண்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். ஜான்சனும் ஸ்ட்ரோமும் 1989-இல் இதைப் படிநிலைகளாகப் பிரித்தார்கள். முதலில் நாணில் வலியும் வீக்கமும் மட்டும். அடுத்து பாதம் சரியும், ஆனால் கையால் நிமிர்த்த முடியும். அதற்கடுத்த நிலையில் இறுகிவிடும். முதல் இரண்டு நிலையில் இன்சோலுக்கும் பட்டைக்கும் நிறைய வேலை இருக்கிறது. இறுகிப்போன பிறகு வலியைத் தாங்க வைக்க மட்டுமே உதவும். ஒரு பக்கம் மட்டும் என்றால் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

இருபிள்ளைஅம்மா:

குறுக்கே கேட்பதற்கு மன்னியுங்கள். என் சின்னவனுக்கு நான்கு வயது. பாதம் சுத்தமாகத் தட்டை. காலணிக் கடையில் பார்த்துவிட்டு, "இப்பவே இன்சோல் போடலைன்னா முதுகெலும்பு கோணிடும்" என்று பயமுறுத்திவிட்டார்கள். ராத்திரி தூக்கமே இல்லை. அவனுக்கு வலியெல்லாம் இல்லை, நாளெல்லாம் குதித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

மூட்டசைவு:

அம்மா, முதலில் நன்றாகத் தூங்குங்கள். ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் தட்டைப் பாதத்தோடுதான் பிறக்கிறார்கள். வளைவு இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்புத் திண்டு இருக்கும், தசைநார்களும் தளர்வாக இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு வளைவு முதல் பத்து வருடத்துக்குள் மெல்ல மெல்ல வரும். நான்கு வயதில், வலி இல்லாமல், நுனிக்காலில் நின்றால் வளைவு தெரிகிற குழந்தைக்கு இன்சோல் தேவையில்லை. உயரமான இடத்தில் பொம்மையை வைத்து எடுக்கச் சொல்லுங்கள், அவன் எழும்பும்போது பாதத்தைப் பாருங்கள்.

எப்போது காட்ட வேண்டும்? வலி என்று சொன்னால், விளையாட்டிலிருந்து பாதியில் வந்து உட்கார்ந்தால், ஒரு கால் மட்டும் வேறுமாதிரி இருந்தால், எழும்பினாலும் வளைவு வராவிட்டால். எட்டிலிருந்து பதினாறு வயதுக்குள் பாதம் இறுகி, அடிக்கடி சுளுக்கு வருவதாகச் சொல்லும் பிள்ளைகளுக்குப் பாதத்தின் இரண்டு எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். அதை விட்டுவிடக் கூடாது. உங்கள் மகன் குதிக்கட்டும்.

இருபிள்ளைஅம்மா:

பொம்மையை அலமாரி மேல் வைத்தேன். எழும்பி எடுத்தான். வளைவு தெரிந்தது சார். கண் கலங்கிவிட்டது.

வெள்ளிநரை:

எனக்கு வயது 67, சர்க்கரை நோய் பதினெட்டு வருடமாக இருக்கிறது. பாதத்தில் மரமரப்பு. தட்டைப் பாதமும் உண்டு. பேரன் இணையத்தில் கெட்டி இன்சோல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். வாங்கலாமா?

பட்டறைக்காரன்:

வேண்டாம் ஐயா. உங்களுக்கு மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். டீச்சருக்குக் குத்தியது, அவர் கழற்றிவிட்டார். உங்களுக்குக் குத்தினால் தெரியாது. சாயங்காலம் கழற்றும்போது தோல் உரிந்திருக்கும். உங்களுக்குத் தேவை பல அடுக்கான, மென்மையான மேல்பரப்புள்ள இன்சோல், அதற்கு இடம் கொடுக்கும் ஆழமான ஷூ. டாக்டர் பாதத்தின் உணர்வைச் சோதித்து எழுதிக் கொடுத்த பிறகுதான் நாங்கள் செய்வோம். புதிதாக எது போட்டாலும் முதல் சில நாள் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு கொஞ்ச நேரத்தில் மறையாவிட்டால் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

காலைஓட்டம்:

ஒரு கேள்வி பட்டறைக்காரர் அண்ணாவுக்கு. நேர்மையாகச் சொல்லுங்கள். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் இன்சோலுக்கும் நீங்கள் அளவெடுத்துச் செய்வதற்கும் உண்மையில் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறதா? குதிகால் வலிக்கு லாண்டார்ஃப் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருட முடிவில் ஆயத்த வகைக்கும் அளவெடுத்ததற்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லையே.

பட்டறைக்காரன்:

தம்பி, அந்த ஆய்வு எனக்கும் தெரியும். குதிகால் வலிக்கு நானே பலரை முதலில் ஆயத்த வகைக்குத்தான் அனுப்புகிறேன். நெகிழும் தட்டைப் பாதம், லேசான வலி என்றாலும் அப்படித்தான். ஓரளவு கெட்டியான ஆயத்த இன்சோலை நல்ல ஷூவில் ஆறு வாரம் போட்டுப் பார்க்கலாம். பாதிப் பேருக்கு மேல் என்னிடம் திரும்பி வருவதில்லை, அவர்களுக்கு அதுவே போதுமாகிவிடுகிறது. இதைச் சொல்வதால் எனக்கு வேலை குறைந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

அளவெடுத்தது யாருக்கு? பாதம் மிகவும் சரிந்து குதிகால் நன்றாக வெளியே சாய்ந்திருப்பவர்களுக்கு. இரண்டு காலும் வெவ்வேறாக இருப்பவர்களுக்கு. செவிலியர் சகோதரி போல நாண் நைந்தவர்களுக்கு. பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளுக்கு. ஆயத்த வகையை ஒழுங்காகப் போட்டும் வலி தீராதவர்களுக்கு.

பொருளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் கெட்டி, பல வருடம் உழைக்கும், மேல்துணியை மட்டும் அவ்வப்போது மாற்றினால் போதும். உடல் எடையைப் பார்த்து மூன்று மில்லிமீட்டரா நான்கா என்று முடிவு செய்வோம். ஈவிஏ நுரை மென்மை, காலுக்கு இதம், ஆனால் தினமும் நாளெல்லாம் நின்றால் ஒரு வருடத்தில் அமுங்கிவிடும். கார்பன் இழை மெல்லியது, ஒடுக்கமான ஷூவில் போகும், ஆனால் பின்னால் திருத்துவது கஷ்டம். முதல் தடவை போடுகிறவருக்கு நான் அடர்த்தியான ஈவிஏவில்தான் தொடங்குவேன். தேய்க்கலாம், ஒட்டலாம், மாற்றலாம். கால் எதை ஏற்கிறது என்று தெரிந்த பிறகு கெட்டியானதுக்குப் போகலாம்.

இன்னொன்று. வளைவை உயர்த்துவதைவிடக் குதிகாலுக்கு அடியில் உள்பக்கம் ஒரு சின்னச் சாய்வு கொடுப்பது பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. சரிவு குதிகாலில்தானே தொடங்குகிறது? அங்கே பிடித்தால் வளைவில் அவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டியதில்லை. உயரமான மேடு பார்க்கப் பெரிய வேலை மாதிரி தெரியும், வாங்குகிறவருக்கும் அதுவே பிடிக்கும். கால் அதைக் கேட்பதில்லை.

கரும்பலகை (ஏழு வாரம் கழித்து):

எல்லோருக்கும் என்ன ஆனது என்று சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

இன்சோலை எடுத்துக்கொண்டு செய்த இடத்துக்கே போனேன். முதலில் "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார்கள். நான் உதட்டுச் சாயத்தையும் கையோடு கொண்டு போயிருந்தேன். அங்கேயே புள்ளி வைத்து நடந்து காட்டினேன். சிவப்பு ஒட்டியது வளைவின் முன்பகுதியில், ஒரு புளியங்கொட்டை அளவுக்கு. உள்ளேயிருந்து வயதான ஒருவர் வந்து, என் காலைக் கையில் எடுத்து, குதிகாலை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். அந்த இடத்தைச் சூடாக்கி இறக்கினார், முன்விளிம்பைக் கொஞ்சம் தேய்த்தார், குதிகாலுக்கு அடியில் உள்பக்கமாக மெல்லிய சாய்வு ஒட்டினார். அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தை முதலிலேயே கொடுத்திருக்கலாமே என்று எனக்கு வருத்தம்தான்.

லேஸ் உள்ள ஷூ வாங்கினேன். அதனுடன் வந்த மெத்தையை எடுத்துவிட்டுத்தான் இன்சோலை வைக்கிறேன். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டு போனேன். நான்காம் நாள் கொஞ்சம் வலித்தது, ஒரு நாள் அதே அளவில் நிறுத்திக்கொண்டேன். இப்போது பள்ளி நேரம் முழுக்கப் போடுகிறேன். முன்பு மூன்றாவது பாடவேளையிலேயே மேசையில் சாயத் தொடங்குவேன், இப்போது ஆறாவது வரைக்கும் நிற்கிறேன். கணுக்கால் கனம் நன்றாகக் குறைந்திருக்கிறது. முழங்கால் இன்னும் சில நாள் பேசுகிறது. ஒற்றைக் காலில் பதினைந்து தடவை எழும்ப முடிகிறது. ஈரக்காலோடு நடந்தால் தடம் முன்பு போலவே முழுசாகத்தான் விழுகிறது.

மூட்டசைவு:

ரொம்ப சந்தோஷம் டீச்சர். முழங்காலுக்கு இன்னும் ஆறு வாரம் கொடுங்கள். கெண்டைக்கால் நீட்டலை நிறுத்தாதீர்கள். ஒற்றைக் காலில் எழும்புவது இருபத்தைந்தைத் தொட்டதும் எழுதுங்கள், அடுத்த பயிற்சி சொல்கிறேன்.

பட்டறைக்காரன்:

ஷூவின் அடியைத் திருப்பிப் பாருங்கள் டீச்சர், மாதம் ஒருமுறை. குதிகாலின் உள்ஓரம் சீக்கிரம் தேய்ந்தால் சாய்வை இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். அப்போது பழைய ஷூவையும் கையோடு கொண்டு போங்கள், செய்கிறவருக்கு அதைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.